தாணு ஆசாரியின் எட்டு டன்

காட்டாற்று வெள்ளம் பழைய மரப்பாலத்தை வாரிக்கொண்டு போய்விட்டது. அக்கரையில் ரப்பர் தோட்டத்து வீடுகள், இக்கரையில் பள்ளிக்கூடம். புதுப்பாலம் கட்ட வந்தவள் எப்சிபா. வயசு முப்பத்தாறுதான். ஆனாலும் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் ஆசான். எங்கள் பக்கத்தில் வித்தை தெரிந்தவருக்கு அதுதான் பேர், ஆணென்ன பெண்ணென்ன.

அவளுக்குச் சீடன் தாணு ஆசாரி. வயசு ஐம்பத்தெட்டு. உளி பிடித்தே காய்த்துப்போன கை. அவருடைய பேத்தி மினி அக்கரைக்காரி. பாலம் எழும்பினால் தினமும் அதன்மேல் நடந்துதான் பள்ளிக்கூடம் வரவேண்டும்.

வேங்கை மரத்தடி ஒன்றோடு இன்னொன்றைச் சேர்க்க எப்சிபா ஆணி அடிக்க மாட்டாள். தடியின் தலையில் நீளவாக்கில் துளை போடுவாள். தூசியை ஒரு பொட்டு இல்லாமல் ஊதி எடுப்பாள். பசையை ஊற்றி, முறுக்குக் கம்பியை நடுவாக இறக்கி, இறுக விடுவாள். அப்புறம் கம்பி வேறு, மரம் வேறு என்று சொல்ல முடியாது.

தாணு ஆசாரி ஒருநாள் கேட்டார்.

“ஆசானே, பலமான இணைப்பு எது?”

“நீங்க என்ன நினைக்கீங்க, அண்ணாச்சி?”

“தடிச்ச கம்பி. நீங்க போடுததப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. அது கம்பியா, இடியாப்பமா?”

எப்சிபா சிரித்தாள். “நீங்க ஒண்ணு போடுங்க. நான் ஒண்ணு போடுதேன். இழுத்துப் பாப்போம். பாலத்துக்கு எதுன்னு நீங்களே சொல்லுங்க. சொன்னதப் போடுவேன்.”

“நானா?”

“நீங்கதான்.”

அவர் பெருவிரல் தடிமனுக்குப் போட்டார். அவள் சுண்டுவிரல் தடிமனுக்குப் போட்டாள். பசை இறுக ஒரு வாரம் விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் திருவிழாக் கூட்டம்! தடியைச் சங்கிலியால் கட்டி, கம்பியை ஜாக்கியில் மாட்டி, எத்தனை டன் இழுக்கிறது என்று காட்டும் முள்ளை நடுவில் வைத்திருந்தார்கள். சாயா விற்கிற மீரான் கெட்டிலோடு வந்துவிட்டான். தாணு ஆசாரி மினியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றார்.

முதலில் ஆசானுடைய கம்பி.

மூணு டன். நாலு. அஞ்சு.

“இடியாப்பம் தாங்குதே வே!” என்றான் மீரான்.

ஆறை நெருங்கும்போது முள் நின்றுவிட்டது. ஜாக்கி மட்டும் நகர்கிறது. பார்த்தால், கம்பி நீளுகிறது! நீளுவது கண்ணுக்குத் தெரிய மேலே பூசியிருந்த சுண்ணாம்பு பொரிந்து பொரிந்து உதிருகிறது. துளை வாயில் விரலளவு வெளியே வந்த கம்பி, ரெண்டு விரலளவு ஆயிற்று.

“இழுபடுது! போகப்போகுது! தள்ளிப் போங்கடே!”

ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்துக்கொண்டு கூட்டம் பின்னால் ஓடியது. மீரான் கெட்டிலைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடினான். அதற்கப்புறமும் வெகுநேரம் நீண்டு, நீண்டு, ஆறரை டன்னில் கம்பி ‘டப்’பென்று அற்றது. மரத்தில் ஒரு கீறல் இல்லை.

“தோத்தாச்சு ஆசானே!” தாணு ஆசாரிக்குக் குரல் கீச்சிட்டது. “இப்போ எனக்க கம்பி!”

அவருடைய கம்பி மாட்டப்பட்டது.

அஞ்சு. ஆறு. ஆறரை தாண்டியாச்சு! விசில் பறந்தது. கம்பி அசையவில்லை, முனகவில்லை, ஒரு தூள் உதிரவில்லை. ஏழு டன். அத்தனை பேரும் முள்ளைப் பார்க்கக் கிட்டக் கிட்ட வந்து தலையை நீட்டினோம். ஏழரை.

“மலை மாதிரி நிக்கி பாத்தியா!” என்று தாணு ஆசாரி தொடையைத் தட்டினார்.

எட்டு.

இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். வேங்கைத் தடி தலையிலிருந்து அடிவரை பிளந்து, கம்பி மரத்தையும் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. முழநீள மரச்சிராய் ஒன்று மீரானின் கெட்டிலைக் குத்தி மறுபக்கம் வந்து நின்றது. சாயா அவன் வேட்டியெல்லாம் வழிந்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. சாமி புண்ணியம்.

மூச்சு திரும்பியதும் கூட்டம் கத்தியது. “எட்டு! எட்டு டன்! ஆசாரி ஜெயிச்சாச்சு!” ரெண்டு பேர் அவரைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள்.

தாணு ஆசாரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆசானிடம் வந்தார். மினி அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

“எட்டு பெருசா, ஆறரை பெருசா, ஆசானே?”

“எட்டுதான் பெருசு. அதுல என்ன சந்தேகம்?”

“அப்போ எனக்க கம்பிதானே பாலத்துக்கு?”

“அது உங்க வாக்கு, அண்ணாச்சி. சொல்லுங்க, இப்பவே துளை போட ஆரம்பிக்கேன்.” எப்சிபா டிரில்லைக் கையில் எடுத்தாள். “ஒண்ணு மட்டும் கேக்கட்டா?”

“கேளுங்க.”

“எனக்க கம்பி அறும்போ மினிய எங்க வச்சிருந்தீங்க?”

“அன்னா, அந்தப் பலாமரத்து மூட்டுல. நீளுததப் பாத்ததும் தூக்கிட்டு ஓடிட்டேன்லா.”

“உங்க கம்பி பிய்யும்போ?”

தாணு ஆசாரி பக்கத்தில் நின்ற பேத்தியைக் குனிந்து பார்த்தார். மினியின் தலைமுடியில் ஒட்டியிருந்த வேங்கைச் சிராய் ஒன்றைக் கண்டார். அதை மெல்ல எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.