கடைமடை இருளாயியும் மடத்துக் கம்பியும்

"எனக்கு அலுத்துப்போச்சு சாமி."

மடத்து நெல்லறையைப் பார்த்துக்கொள்ளும் சிற்றம்பலம், கையிலிருந்த நெல் அளக்கும் மரக்காலை டொக்கென்று தரையில் வைத்தார்.

இளையசாமி சமையலுக்கு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பெரியசாமி போன வருஷம் கண்மூடிய பிறகு பீடத்துக்கு வந்தவர். வயது முப்பத்திரண்டு. சிற்றம்பலத்துக்கு ஐம்பத்தெட்டு. சீடர்தான். ஆனால் குருவுக்கு மடத்து வழக்கம் சொல்லிக்கொடுப்பதே தன் வேலை என்று நினைத்திருந்த சீடர்.

"யார் மேல அலுப்பு?"

"வாசல்ல வந்து பாருங்க. கடைமடை இருளாயி நிக்கிறா. இவ மாமனாரோட அப்பனுக்கு எங்க தாத்தா நெல் அளந்து போட்டார். மாமனாருக்கு எங்கப்பா. புருஷனுக்கு நான். அவன் செத்தப்புறம் இவளுக்கும் நான்தான். இன்னிக்கு மகளையும் கூட்டிட்டு வந்திருக்கா. அந்தப் புள்ள கையில தனியா ஒரு ஓலைப்பெட்டி!"

"ம்."

"என்ன சாமி, ம்? அடுத்த தலைமுறையும் கையேந்த வந்தாச்சு. என் காலத்திலயாவது இது முடியும்னு நினைச்சேன்."

சும்மா சொல்லக்கூடாது, அந்த வருத்தம் நிஜமானதுதான். அவர் கொடுக்காமல் ஏமாற்றுகிற ஆளில்லை. குறைத்து அளக்கிறவரும் இல்லை.

இளையசாமி கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

இருளாயி படிக்குக் கீழே நின்றாள். நெல் வாங்க வருகிறவர்கள் படி ஏறுவதில்லை. பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வார்கள். ஆண்கள் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். அப்படித்தான் நிற்க வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் தோளில் துண்டோடு மடத்து நெல் வாங்கின ஆளை அந்த ஊர் பார்த்ததில்லை.

"இவங்களுக்கு வேற என்னவெல்லாம் கொடுத்தோம்?" என்றார் இளையசாமி.

"என்ன கொடுக்கலை? விதை கொடுத்தோம். உழவு மாடு கொடுத்தோம். மண்வெட்டி கொடுத்தோம். பெரியசாமி புத்திமதிகூடச் சொன்னார், மணிக்கணக்கா."

"விளைஞ்சுதா?"

"எங்க விளையுது? வருஷா வருஷம் பதர். உழைப்பு போதாது சாமி. அக்கறை கிடையாது."

இருளாயி தலை நிமிரவில்லை. மகள்தான் சிற்றம்பலத்தை ஒரு முறை முறைத்தது.

இளையசாமி முன்கட்டுச் சுவரைப் பார்த்தார். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி தொங்கியது. நுனியில் கொக்கி. சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் பூ.

"அது என்ன? தினம் பூ போடறீங்க."

சிற்றம்பலத்துக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பீடத்தில் உட்கார்ந்து ஒரு வருஷம் ஆகிறது, இதுகூடத் தெரியவில்லை!

"மடைக்கம்பி சாமி. கண்மாய் மடையோட அடைப்பை இதைப் போட்டுத்தான் தூக்கணும். இது இல்லாம ஒரு சொட்டு வெளிய வராது."

"யார் பொறுப்பு?"

"எங்க தாத்தா. அப்புறம் எங்கப்பா. இப்போ நான்." நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"யாருக்கு முதல்ல திறப்பீங்க?"

"தலைமடைக்குத்தான். மடத்து வயல் பூரா அங்கதானே இருக்கு."

"வாய்க்கால் முடியிற கடைமடைக்கு?"

"எல்லாம் பாஞ்சு முடிஞ்சு மிச்சம் இருந்தா."

"எத்தனை வருஷம் மிச்சம் இருந்துச்சு?"

சிற்றம்பலம் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். பிறகு எரிச்சலோடு, "அதுக்குத்தானே சாமி நெல் கொடுக்கிறோம்!" என்றார்.

இளையசாமி சுவரருகே போனார். பூவை எடுத்து வைத்துவிட்டுக் கம்பியைக் கழற்றினார். படியிறங்கிப் போய் இருளாயியிடம் நீட்டினார்.

இருளாயி இரண்டடி பின்னால் போனாள்.

"என்ன சாமி இது? நெல்லு கேட்டா இரும்பைக் கொடுக்கிறீங்க. இதைக் காய்ச்சியா குடிக்க முடியும்?"

"பயிர் எப்படி இருக்கு தாயி?"

"கதிரு வெளிய வராமப் பொதி கட்டி நிக்கிது. இன்னும் மூணு நாளைக்குள்ள ஒரு தண்ணி பாஞ்சா நெல்லு. இல்லாட்டி எப்பவும் போலப் பதரு. அப்புறம் இவளை எங்கயாவது வீட்டு வேலைக்குத்தான் விடணும்." மகளைக் காட்டினாள்.

"தண்ணி இல்லையா?"

"ஏன் இல்லாம? கண்மாயில நிறையக் கெடக்கு..."

சொல்லிக்கொண்டே கம்பியைப் பார்த்தாள்.

"சாயங்காலம் கொண்டாந்து கொடுத்துரணுமா சாமி?" என்று கேட்டாள்.

"வேணாம்."

தன் ஓலைப்பெட்டியையும் மகளிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் கம்பியை வாங்கினாள். நெல் வாங்காமலே போய்விட்டாள்.

சிற்றம்பலம் படிவரை ஓடி வந்தார்.

"சாமி! மூணு தலைமுறையா மடத்துச் சுவர்ல இருந்த கம்பி!"

"மூணு தலைமுறையா அவங்களும் வாசல்லதான் இருந்திருக்காங்க."

"அவளுக்கு முறை தெரியுமா? மொத்தத் தண்ணியையும் அவ வயலுக்கே விட்டுக்கிட்டா? நம்ம வயலும் பொதி கட்டித்தானே நிக்கிது! அது காஞ்சா?"

"போய்க் கேளுங்க."

"நானா? அவகிட்டயா?"

"கம்பி அவங்ககிட்டதானே இருக்கு." இளையசாமி திரும்ப வெண்டைக்காயிடம் போய்விட்டார்.

அன்று சிற்றம்பலம் போகவில்லை. போவாரா? மறுநாள் வரப்பில் போய் நின்று பார்த்தார். மடத்து வாய்க்கால் காய்ந்து கிடந்தது. தூரத்தில் கடைமடைப் பக்கம் தண்ணீர் மினுங்கியது. இத்தனை வருஷத்தில் அங்கே அவர் தண்ணீரைப் பார்த்ததே இல்லை.

மூன்றாம் நாள் காலை மடத்து வயலில் மண் வெடிப்பு விட ஆரம்பித்தது. அதற்கு மேல் தாங்கவில்லை. விடுவிடுவென்று கடைமடைக்கு நடந்தார்.

குடிசை வாசலில் மகள்தான் இருந்தது.

"அம்மா மடைக்குப் போயிருக்கு. வந்துரும், நில்லுங்க."

நின்றார். வெயில் ஏறியது. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். அதட்டலாமா? கோபத்தில் தண்ணீரே விடாமல் போய்விட்டால்? தணிவாகவே பேசிவிடலாம். நாளைக்கு வா என்று சொல்லிவிட்டால்? எத்தனை பேரிடம் அவரே அப்படிச் சொல்லியிருக்கிறார்.

இருளாயி கம்பியோடு வந்தாள். முழங்கால் வரை சேறு.

"என்னய்யா, வெளியவே நிக்கிறீங்க?"

"அது வந்து, இருளாயி... மடத்து வயல் காயுது. கொஞ்சம் மனசு வச்சு..." மடத்து வயல் பக்கம் கையைக் காட்டினார். "கொஞ்சம் தண்ணி விட்டீன்னா..."

இருளாயி அவரை விசித்திரமாகப் பார்த்தாள்.

"இங்க வாங்க."

குடிசை ஓரத்தில் கூழாங்கற்கள் வரிசையாக இருந்தன. பன்னிரண்டு கல்.

"ஒரு குடும்பத்துக்கு ஒரு கல்லு. எது ரொம்பக் காஞ்சு கெடந்துச்சோ அதுக்கு மொதல்ல. என்னோடது ரெண்டாவதாப் பாஞ்சுது. இந்தா, இது மடத்துக் கல்லு. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள உங்களுக்குத்தான். ராசாத்தி, அந்தக் கல்லை இந்தப் பக்கம் தள்ளி வையி."

"அப்போ... நான் வராம இருந்திருந்தா?"

"நீங்க எதுக்குய்யா வரணும்? முறைன்னா தண்ணி தானா வந்துட்டுப் போகுது. இதுக்குப் போயி இம்புட்டு தூரம் வெயில்ல வந்து..." சட்டென்று அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மொதல்ல துண்டை எடுத்துத் தோள்ல போடுங்கய்யா."

சிற்றம்பலம் குனிந்து பார்த்தார்.

துண்டு இடுப்பில் இருந்தது.