மெத்தைக்கு வந்த விருந்தாளி

ஒரு ஊர்ல ஒரு மெத்தை இருந்துச்சாம். ராஜா இல்லடா, மெத்தைதான். காலைத் தூக்கி என் மேல போடாம படுத்துக் கேளு. நீ 'ம்' கொட்டினாத்தான் கதை நகரும்.

அந்த மெத்தை பேச்சியம்மாளோடது. அவளுக்கு இடுப்புவலி. வாக்கப்பட்டு வந்ததுல இருந்து தரையில பாய விரிச்சுப் படுத்துப் படுத்து, காலையில எந்திரிச்சா இடுப்பு 'மடக் மடக்'னு சத்தம் போடும். குனிஞ்சு வாசல் தெளிச்சா நிமிர முடியாது. இப்படியே போனா படுத்த படுக்கையா ஆயிருவோமோன்னு அவளுக்கு ஒரே பயம். அப்புறம் என்ன செஞ்சா, சீட்டுப் பணத்த எடுத்துக்கிட்டு போடி டவுனுக்குப் போயி, நல்ல இலவம்பஞ்சு மெத்தையாப் பாத்து வாங்கியாந்து கட்டில்ல போட்டா. கைய வச்சா 'புஸ்ஸ்'னு அமுங்கும்.

அவ புருஷன் ஒச்சப்பன் ஆசையா உக்காரப் போனான்.

"ஏங்க, எந்திரிங்க. விருந்தாளி வந்தாப் போட வேணாமா?"ன்னா பேச்சியம்மா.

பிளாஸ்டிக் உறையக்கூடக் கழட்டல. ரெண்டு பேரும் கட்டிலுக்குப் பக்கத்துல தரையில பாய விரிச்சுப் படுத்தாங்க. காலையில மடக் மடக். இவ்வளவு பணம் போட்டும் வலி போகலையேன்னு அவளுக்கு ஒண்ணும் புரியல.

ம் சொல்லு. சிரிக்காத, அவளுக்கு நெசமாவே புரியல.

அப்புறம் யோசிச்சா. தலகாணி இல்லாததாலதான்னு தோணுச்சு. நல்ல தலகாணி ஒண்ணு வாங்கினா. அத மெத்தை மேல வச்சுட்டு, பழைய சீலையச் சுருட்டித் தன் தலைக்கு வச்சுக்கிட்டா. காலையில இடுப்போட கழுத்தும் 'மடக்'.

அப்போ குளிருதான் காரணம்னு ஒரு கம்பளி வாங்கினா. அதையும் மெத்தைக்குப் போத்திவிட்டா. இவ ஒச்சப்பனோட கிழிஞ்ச வேட்டியப் போத்திக்கிட்டா. மெத்தை கதகதன்னு கெடந்துச்சு, இவளுக்குப் பல்லு 'கிடுகிடு'ன்னு ஆடுச்சு. ஏன்னு அப்பவும் தெரியல.

அப்புறம் ஒச்சப்பனோட தங்கச்சி வீராயி வீட்டுல காதுகுத்து. போயி ராத்திரி தங்கினாங்க. அங்கயும் பிளாஸ்டிக் கழட்டாத மெத்தை ஒண்ணு கெடந்துச்சு. "மதினி, நீங்க மெத்தையில படுங்க"ன்னு சொல்லி வீராயி பிளாஸ்டிக்க 'சர்ர்ர்'னு உருவினா. பேச்சியம்மா படுத்ததுதான் தெரியும், 'கொர்ர்ர்'. காலையில இடுப்பு மூச்சே விடல.

"இந்த மெத்தை எங்க வாங்குன வீராயி?"

"நீங்க வாங்குன அதே கடைதான் மதினி. ஆனா எனக்கு ஒத்துக்கல. இடுப்பு விட்டுப் போகுது"ன்னு வீராயி தரையில இருந்து சுவரப் புடிச்சு எந்திரிச்சா.

அப்புறம் திருவிழாவுக்கு வீராயி இங்க வந்தா. அவள மெத்தையில படுக்க வச்சாங்க. அவளும் 'கொர்ர்ர்'. காலையில துள்ளி எந்திரிச்சா. தரையில கெடந்த பேச்சியம்மாளுக்கு மடக் மடக். மதினியும் நாத்தனாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாங்க.

ம்? தூங்கிட்டியா? சரி, கேளு.

வீராயி ஊருக்குப் போனதும் பேச்சியம்மா பிளாஸ்டிக்க மறுபடி மாட்டிட்டு நல்லா யோசிச்சா. நான் அங்க போனா வலி இல்ல. அவ இங்க வந்தா வலி இல்ல. அப்போ இந்த மெத்தை வெளிய இருந்து வர்றவங்களுக்குத்தான் கேக்கும்போலன்னு முடிவு பண்ணினா.

சாயங்காலம் மஞ்சப்பையில ஒரு சீலைய வச்சுக்கிட்டு வீட்ட விட்டு வெளிய போனா. தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து கதவத் தட்டினா. 'டொக் டொக்.'

ஒச்சப்பன் கதவத் திறந்தான். "என்ன புள்ள, தொறந்து வர வேண்டியதுதான?"

"விருந்தாளி வந்திருக்கேன். வாங்கன்னு சொல்ல மாட்டீங்களா?"

அவனுக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. அவ நின்ன நிலையப் பாத்து, "வாங்க"ன்னான். சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தான். கட்டில்ல பிளாஸ்டிக்க 'சர்ர்ர்'னு உருவினான். "படுங்க"ன்னான்.

பேச்சியம்மா படுத்தா. 'புஸ்ஸ்'னு மெத்தை அவள வாங்கிக்கிச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சு அவளுக்கு. கல்யாணப் பொண்ணா வந்த அன்னைக்குக் கேட்டதுதான், அதுக்கப்புறம் அந்த வீட்டுல யாரும் அவள வாங்கன்னு கூப்பிட்டதில்ல. அவளும் தன்னக் கூப்பிட்டுக்கிட்டதில்ல.

ஒச்சப்பன் தரையில பாயில பொரண்டு பொரண்டு படுத்தான். அவன் இடுப்பும் 'மடக்'னுச்சு. கட்டில எட்டிப் பாத்தான். பாதி மெத்தை காலியாத்தான் கெடந்துச்சு. மெதுவா எந்திரிச்சு, அந்த மஞ்சப்பையத் தூக்கிக்கிட்டு வெளிய போனான்.

கொஞ்ச நேரத்துல கதவு 'டொக் டொக்'.

"யாரு?"ன்னா பேச்சியம்மா.

"விருந்தாளி"ன்னான்.

"வாங்க"ன்னு சொல்லிட்டு அவ நகந்து படுத்தா.

அம்புட்டுதான். மெத்தையும் தூங்கிருச்சு, விருந்தாளியும் தூங்கியாச்சு, நீயும் கண்ண மூடு.