திரும்பி வருவதற்கான சார்ஜ்

"எந்த டயரைப் போடறது, அம்மை?"

செண்பகராமன் கேட்டபோது அம்மை காப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்னென்ன இருக்கு, அய்யா?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணு ரோட்டை நல்லாப் பிடிக்கும், மழையில நம்பலாம். ஆனா கரண்டைத் தின்னும். இன்னொண்ணு லேசா உருளும். அஞ்சு நட்சத்திர முத்திரை போட்டது. கரண்டு மிச்சமாகும். ஆனா அந்த அளவுக்குப் பிடிக்காது."

"பழைய டயருக்கு என்ன?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த மாயாண்டி, கட்டுப்போட்ட முழங்கையைத் தூக்கிக் காட்டினார்.

"இதைக் கேளுங்க இன்ஜினீயரே. இது சொல்லும்."

செண்பகராமன் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபிறகு, சிறுமலை மேல் இருக்கும் இந்தக் குடிலுக்கு வந்து சேர்ந்தார். குடிலின் குருவான அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். முதல் நாளே தன் வெள்ளை நிற மின்சாரக் காரின் சாவியை அம்மையின் காலடியில் வைத்தார். அம்மை அதை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"வியாழக்கிழமை மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவங்க இருக்காங்க. கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க."

அதுதான் உபதேசம். வேறு எதையும் அம்மை அவருக்குச் சொன்னதில்லை.

எலுமிச்சை வியாபாரி மாயாண்டிக்கு ரத்தத்தில் புற்று. மருந்து ஏற்றிக்கொள்ள வாராவாரம் அந்தக் காரில்தான் போய் வந்தார்.

போன வியாழக்கிழமை மழை. இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் செண்பகராமன் பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. சத்தமும் போடவில்லை. ஈரத் தரையில் சோப்புக்கட்டி போவதுபோல வழுக்கிப் போய்த் தடுப்புச் சுவரில் சாய்ந்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மேகம் மட்டும் தெரிந்தது.

முழங்கை கதவில் இடிபட்டு மாயாண்டி அலறினார். செண்பகராமன் அலறவில்லை. நெஞ்சு படபடக்கக்கூட இல்லை. அதை அவர் அந்த நிமிடமே கவனித்தார். கவனித்ததில் அவருக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

குடிலுக்குத் திரும்பியதும் அதை அம்மையிடம் சொன்னார்.

"துளி பயம் வரலை, அம்மை."

மாயாண்டிதான் பேசினார்.

"நீங்க துறந்தவரு. உங்களுக்குப் பயம் இல்ல. சாகக்கூடாதுன்னுதானேய்யா நான் வாராவாரம் ஊசி குத்திக்கிறேன்?"

அப்படித்தான் டயர் பேச்சு வந்தது.

"எனக்கு ஏன் மனசு வரலைன்னா, அம்மை," என்றார் செண்பகராமன், "இந்த வண்டி நல்லாப் பழகிடுச்சு. முதல் வருஷம் மதுரை போய்த் திரும்பி மலையேறி வந்து நின்னா, பேட்டரி சிவப்புல இருக்கும். இப்ப வந்து நிக்கும்போது அஞ்சுல ஒரு பங்கு மிச்சம். வெளியில எங்கேயும் நான் சார்ஜ் போட்டதே கிடையாது. எல்லாம் கால்ல இருக்கு. அவசரம் இல்லை, பதட்டம் இல்லை. வண்டியும் என்னை மாதிரி ஆயிடுச்சு."

வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் மின் இழப்பைத் தேடி அலைந்தவர். எந்தக் கம்பி சூடாகிறது, எந்த இணைப்பில் கசிகிறது என்று கண்டுபிடித்து அடைப்பார். ஓய்வு பெற்றும் அந்தக் கண் போகவில்லை. வீணாகும் எதுவும் அவருக்குத் திருட்டாகத் தெரியும்.

"மிச்சமாகிற கரண்டை என்ன பண்றீங்க, அய்யா?" என்று அம்மை கேட்டார்.

"என்ன பண்றது? மிச்சம்தான்."

"விளாங்குடி வழியாத்தானே போறீங்க?"

மாயாண்டி தன் கட்டைப் பார்த்துக்கொண்டார்.

விளாங்குடியில் அவர் மகள் கோமதி இருந்தாள். மெயின் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி வீடு. புருஷன் துபாயில். மதுரைக்குள் நுழையும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை என்று ஒவ்வொரு வியாழனும் செண்பகராமன் அந்தத் தெருமுனையைக் கடந்தார். தெருவுக்குள் திரும்பியதில்லை.

ஆரம்பத்தில் அவள் போனில் கூப்பிடுவாள்.

"ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்கப்பா."

"ஊருக்குள்ள வளைஞ்சு வந்தா திரும்ப மலையேறச் சார்ஜ் பத்தாதும்மா."

அப்போது அது உண்மையாகவும் இருந்தது. பிறகு மிச்சம் கூடிக்கொண்டே போனது. பதில் மட்டும் மாறவில்லை.

போன ஐப்பசியில் கோமதிக்குப் பிரசவம். குழந்தை தங்கவில்லை. கார் விளாங்குடியைத் தாண்டிக்கொண்டிருந்தபோதுதான் அவள் கூப்பிட்டாள். "அப்பா, குழந்தை…" என்றாள். அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

"வர்றதும் போறதும் நம்ம கையில இல்லைம்மா," என்றார் அவர்.

அதன்பிறகு அவள் கூப்பிடவில்லை.

அன்று மாலை குடிலுக்கு வந்து அவர் வழக்கம்போல இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார். மனம் அசையவில்லை என்று அம்மையிடம் சொன்னார். அம்மை இலையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். கேட்டு மகிழ்ந்த மௌனம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"சரி," என்றார் அம்மை இப்போது, ஒரு சொத்தைக் கொட்டையை எறிந்துவிட்டு. "உங்களுக்குப் பிடிச்ச டயரையே போட்டுக்கோங்க."

செண்பகராமன் திண்டுக்கல் போய் ஐந்து நட்சத்திர டயரைப் போட்டுக்கொண்டு வந்தார். கார் வாங்கும்போது வந்த அதே கம்பெனி, அதே ரகம். பழைய டயர்களைக் கடையில் விட மனமில்லாமல் ஒன்றை டிக்கியில் போட்டுக்கொண்டார்.

மறுநாளே அம்மையின் முன்னால் வந்து நின்றார்.

"ஏமாத்திட்டான், அம்மை."

"யாரு?"

"டயர்க்காரன். இருக்கிறதுலேயே கரண்டு கம்மியா எடுக்கிற டயர்னு குடுத்தான். இன்னிக்கும் திண்டுக்கல் போய்ட்டு வந்தேன். போன மாசத்தைவிட நல்லாவே இறங்கிடுச்சு. அதே ரோடு. அதே வேகம். அதே கால். அதே ரக டயர். அப்ப கரண்டு எங்க போகுது?"

"பழசைக் கொண்டாங்க."

அவர் டிக்கியிலிருந்து பழைய டயரை உருட்டிக்கொண்டு வந்தார். லேசாக, சொன்ன பேச்சுக் கேட்டு உருண்டு வந்தது.

அம்மை ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து வந்து அதன் மேல் ஊற்றினார். தண்ணீர் ஒரு நொடி நிற்கவில்லை. தட்டில் விழுந்ததுபோல வழிந்து மண்ணுக்குப் போய்விட்டது.

மீதித் தண்ணீரைக் காரின் முன்சக்கரத்தில் ஊற்றினார். அது பள்ளங்களுக்குள் இறங்கித் தங்கியது. சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

அம்மை செம்பைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனார்.

செண்பகராமன் பழைய டயரின் மேல் கையை வைத்தார். வரி எதுவும் கையில் தட்டுப்படவில்லை.

அவருக்குத் தெரியாத கணக்கு இல்லை. ரப்பர் தடிமனாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரியும். அதில் சூடு போகும். சூட்டில் கரண்டு போகும். தேயத் தேய நசுங்குவதற்கு ஒன்றும் இருக்காது. தேய்ந்த டயர் நன்றாக ஓடும். பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார்.

இத்தனை வருஷமும் கார் பக்குவப்பட்டுக்கொண்டு வருகிறது என்று நினைத்திருந்தார்.

வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு மணி அடித்தும் போகவில்லை.

வியாழக்கிழமை அம்மையும் காரில் ஏறிக்கொண்டார். அதுவரை ஏறியதில்லை.

"என்ன அம்மை, வண்டி மேல நம்பிக்கை இல்லையா?" என்றார் மாயாண்டி.

"மதுரையைப் பார்த்து நாளாச்சு."

அன்றும் மழை. கொண்டை ஊசி வளைவுகளில் கார் தரையைக் கவ்விக்கொண்டு இறங்கியது. உள்ளே ஒரு புதிய இரைச்சல் கேட்டது. செண்பகராமன் ரோட்டைவிட அதிகமாகப் பேட்டரி அளவு காட்டும் கோட்டைத்தான் பார்த்தார். அது குறைந்துகொண்டே வந்தது.

விளாங்குடி வந்தது. போனது.

மாயாண்டியை ஆஸ்பத்திரியில் இறக்கிப் படுக்கையில் சேர்த்துவிட்டு வந்தார்கள். செண்பகராமன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"திரும்ப மலையேறப் பத்தாது, அம்மை. இங்க எங்கேயாவது சார்ஜ் போட்டாகணும்."

"போடுங்க."

"ரொம்ப நேரம் ஆகும்."

"ஆகட்டும். மாயாண்டிக்கும் மருந்து ஏற நேரம் ஆகும்ல?"

"அதுவரைக்கும் என்ன பண்றது?"

அம்மை கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

"உங்களுக்கு இந்த ஊர்ல யாரையும் தெரியாதா, அய்யா?"

சார்ஜ் போடும் இடம் திண்டுக்கல் சாலையிலேயே, விளாங்குடிக்குச் சற்று முன்னால் இருந்தது. காரை மாட்டிவிட்டு, அம்மையை அங்கே கூரைக்கு அடியில் உட்கார வைத்துவிட்டு, செண்பகராமன் நடந்தார். வழியில் ஒரு கடையில் ஆரஞ்சுப் பழம் வாங்கினார். வாங்கிய பிறகுதான் கோமதிக்கு அது பிடிக்குமா என்பது மறந்துவிட்டது தெரிந்தது.

வீடு பூட்டியிருந்தது.

அழைப்பு மணியை இரண்டு முறை அடித்தார். மூன்றாம் முறை அடித்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"யாரு வேணும்?"

"கோமதி."

"அவ கோவில்பட்டிக்கு, மாமியார் வீட்டுக்குப் போய்ட்டாளே. போய் ஒரு வாரம் இருக்கும். புருஷன் வர்ற வரைக்கும் அங்கதான் இருக்கப்போறாளாம். நீங்க?"

"அவ அப்பா."

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தெருமுனையைப் பார்த்தாள்.

"வெள்ளைக் கார் உங்களுதா?"

"ஆமா."

"வியாழக்கிழமையானா மெயின் ரோட்டுல போய் நிப்பா. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. வயித்துல புள்ளையோட நிப்பா. 'எதுக்குடி வெயில்ல?'னு கேட்டா, 'எங்கப்பா வண்டி சத்தமே இல்லாமப் போகும்க்கா, கொஞ்சம் அசந்தா தெரியாது'ம்பா."

செண்பகராமன் பழப் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"குழந்தை போனப்புறமும் நின்னா," என்றாள் அந்த அம்மாள். "போன மாசத்தோட நிறுத்திட்டா."

"உள்ள வந்து உக்காருங்க" என்று அவள் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. பையை அந்தப் பூட்டுக்குக் கீழே வைத்தார். பிறகு, கெட்டுப்போகும் என்று தோன்றவே எடுத்து அவளிடம் நீட்டினார்.

"உங்க வீட்டுக் குழந்தைகளுக்குக் குடுங்கம்மா."

திரும்பும்போது மெயின் ரோட்டில், தெருமுனையில், ஒரு விளக்குக் கம்பத்தின் பக்கத்தில் நின்றார். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஓட்டுபவரின் முகம் தெளிவாகத் தெரிந்தது. ஓட்டுபவர்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

வெகுநேரம் நின்றார். மழை பிடித்துக்கொண்டது. நகரவில்லை.

கார் நிற்கும் இடத்துக்கு வந்தபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. சாவியைப் போட மூன்று முறை முயன்றும் கதவு திறக்கவில்லை. அம்மை எழுந்து வந்து சாவியை வாங்கித் திறந்துவிட்டார்.

"இருந்தாளா?"

"இல்லை. கோவில்பட்டி போய்ட்டா."

அம்மை தலையசைத்தார்.

"ரோட்டுல நிப்பாளாம், அம்மை. ஒவ்வொரு வியாழனும். நான் ஒரு தடவை கூட…"

முடிக்க முடியவில்லை. வாயை மூடிக்கொள்ளவும் முடியவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சார்ஜ் போட வந்திருந்த இன்னொருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனுக்குள் குனிந்துகொண்டார்.

அம்மை அவரைத் தொடவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. பின் சீட்டிலிருந்து தன் துணிப்பையையும் மாயாண்டியின் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டார்.

பேட்டரி நிரம்பிவிட்டதாகப் பச்சை விளக்கு எரிந்தது.

செண்பகராமன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பழக்கம் விடவில்லை. கோட்டைப் பார்த்தார், மனதுக்குள் கூட்டினார், கழித்தார்.

"இந்த டயர்ல கோவில்பட்டி போனா திரும்பி வரமுடியாது, அம்மை."

"மாயாண்டியை நான் பஸ்ல கூட்டிட்டுப் போயிடறேன்," என்றார் அம்மை. சாவியை அவர் கையில் வைத்தார்.

"இல்லை அம்மை, வண்டி எப்படித் திரும்பும்? அதைச் சொல்றேன்."

அம்மை அதற்குள் ரோட்டைக் கடக்கத் தொடங்கியிருந்தார். பாதியில் நின்று, மழையில் திரும்பிப் பார்த்தார்.

"திரும்பி வரச் சொன்னது யாரு?"