பவளம் வரட்டும்

மலையடிவாரத்தில் ஒரு மடம். பெயர்ப்பலகைகூடக் கிடையாது. நாலு குடிசை, ஒரு கல்மண்டபம், மேலே ஒரு பாறை, பாறையில் ஒரு விளக்கு. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். பிறகு அங்கேயே தங்கிவிடுவார்கள்.

குருவின் பெயர் மங்கையர்க்கரசி. எல்லோருக்கும் அம்மா. சீடர்களில் முக்கால்வாசிப் பேர் அம்மாவைவிட வயதில் மூத்தவர்கள். அவர்களை அம்மா அண்ணாச்சி என்றும் அக்கா என்றும்தான் கூப்பிடுவார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மடத்துச் சோறு தின்கிற எல்லோரும் பாறைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அந்தி விளக்கை ஏற்றுவார்கள். பவளம் என்கிற செம்பட்டை நாயும் மடத்துச் சோறுதான் தின்றது. அதனால் பவளமும் வர வேண்டும்.

ஒரு காலத்தில் பவளம்தான் முதலில் போய் உட்கார்ந்திருக்கும். இப்போது கிழடாகிவிட்டது. பின்னங்கால் மூட்டுகள் இறுகிவிட்டன. அதைக் குற்றாலலிங்கம் தூக்கிக்கொண்டு போனார்.

லிங்கம் தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு ஞானம் தேடி வந்தார். வந்த கையோடு மண்டபத்துச் சிவப்புத் தரையைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. பவளத்தின் மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். படுத்த இடத்துக்கே சோறு போகும். சோற்றின் மேல் நெய் மிதக்கும்.

அன்பு வந்துவிட்டால் சில மனிதர்களுக்கு முதலில் கழன்றுபோவது மூளை.

ஒருநாள் அந்தியில் பவளத்தைச் சுமந்துகொண்டு பாறைக்கு ஏறியவர், மூச்சு வாங்க அம்மாவைக் கேட்டார்.

"அம்மா, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீங்க."

"கேளுங்க அண்ணாச்சி."

"நானும் வந்து வருசக்கணக்காச்சு. மத்த மடத்துல தலையில கை வைக்காங்க, காதுல மந்திரம் சொல்லுதாங்க. நீங்க எனக்கு ஒண்ணுமே பண்ணலியே."

அம்மா அவரைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த நாயைப் பார்த்தார்.

"அவளைக் கீழ விடுங்க."

லிங்கம் இறக்கிவிட்டார். பவளத்தின் முன்னங்கால்கள் நின்றன. பின்னங்கால்கள் நிற்கவில்லை. பின்பாகம் அப்படியே சரிந்தது. பவளம் திரும்பித் தன் கால்களைப் பார்த்தது, அவை யாருடையவை என்பதுபோல.

லிங்கம் குனிந்து தூக்கப் போனார்.

"தொடாதீங்க," என்றார் அம்மா.

மறுநாள் ஊரிலிருந்து மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்தார். காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், தொடையைத் தடவிப் பார்த்தார்.

"மூட்டு தேய்ஞ்சிருக்கு. வயசுக்கு அது சகஜம். ஆனா தொடையில சதையே இல்லையே. இவ நடக்கிறதே இல்லையா?"

"நடக்க விடுறதில்ல டாக்டர்," என்றார் லிங்கம் பெருமையாக. "நான்தான் தூக்கிக்கிட்டுப் போறேன்."

டாக்டரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "வலிக்கு மருந்து தர்றேன். மருந்து பாதிதான். கொஞ்சம் கொஞ்சமா தினம் நடக்கணும். எடை குறையணும். இப்படியே படுத்துக் கிடந்தா மழைக்காலத்துக்குள்ள எந்திரிக்கவே மாட்டா."

சொல்லிவிட்டு எழுந்தவர் மண்டபத்துத் தரையில் வழுக்கினார். தூணைப் பிடித்துக்கொண்டார்.

"இதுல நாலு கால் மனுசி எப்படி நடப்பா?" என்றார்.

லிங்கம் தரையைப் பார்த்தார்.

அன்று மதியமே அம்மா சமையல்கட்டிலிருந்து காலி அரிசிச் சாக்குகளைக் கொண்டுவந்து, அந்தப் பளபளப்பின் மேல் வரிசையாக விரித்தார். லிங்கம் ஒரு சாக்கின் ஓரத்தைத் தூக்கி அடியில் பார்த்தார். சமையல்காரி ஆவுடைத்தாய்க்கு ஒரே சந்தோஷம்.

"அண்ணாச்சி, இனிமே உங்க முகத்தைப் பாக்கக் கண்ணாடி வாங்கிக்கிடுங்க."

நெய் நின்றது. சோற்றுச் சட்டி இரண்டு செங்கல் உயரத்தில், சாக்குப் பாதையின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தது. பவளத்தின் வளர்ந்து வளைந்திருந்த நகங்களை அம்மா தன் மடியில் வைத்து வெட்டினார். மறுநாள் காலையில் வெந்நீரில் பிழிந்த துணியை அதன் இடுப்பில் போட்டு, சூடு இறங்கும்வரை கையை எடுக்காமல் இருந்தார்.

பிறகு லிங்கத்திடம் கை நீட்டினார். "அந்தத் துண்டைக் குடுங்க."

"அம்மா, இது நல்ல துண்டு."

"அதனாலதான் கேக்கேன்."

துண்டைப் பவளத்தின் வயிற்றுக்குக் கீழே, பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே சேர்த்து லிங்கத்தின் கையில் வைத்தார்.

"இப்ப நடங்க."

லிங்கம் இழுத்தார். பவளத்தின் பின்பாகம் அந்தரத்தில் தொங்கியது.

"கிணத்துல வாளியா இழுக்கீங்க?"

தளர்த்தினார். பவளம் பொத்தென்று உட்கார்ந்தது.

"பிறகு என்னதான் செய்யணும்?"

"அவகிட்டக் கேளுங்க."

"நாய்கிட்டயா?"

"துண்டுல கேளுங்க."

லிங்கத்துக்கு எரிச்சலாக வந்தது. இருந்தாலும் குனிந்து நின்றார். அப்போதுதான், வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு உயிர் எழுந்து நிற்பதை அவர் பார்த்தார்.

முதலில் காது எழுந்தது. பிறகு கழுத்து. முன்னங்கால்கள் சாக்கைப் பற்றின. முதுகில் ஒரு நடுக்கம் ஓடி வாலில் போய் நின்றது. ஒரு பின்னங்கால் தரையைத் தேடியது, கிடைக்கவில்லை, மறுபடி தேடியது. துண்டு இறுகியது. அந்த இறுக்கம் லிங்கத்தின் விரல், மணிக்கட்டு, தோள் என்று ஏறி வந்தது. கால் தரையைக் கண்டுகொண்டது. துண்டு லேசானது. அடுத்த கால். மறுபடி இறுக்கம், மறுபடி லேசு.

பவளம் நின்றது.

லிங்கம் கோயில் கோயிலாகப் போயிருக்கிறார், தேர் கிளம்புவதையும் பார்த்திருக்கிறார். இப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

அதன் பிறகு தினமும் நடை. காலையில் கொஞ்சம், வெயில் தாழ்ந்ததும் கொஞ்சம். அந்தியில் பாறையை நோக்கி. எல்லோரும் மேலே போய்க் காத்திருப்பார்கள். வெளிச்சம் போகும். கொசு வரும். விளக்கு ஏறாமல் மடத்தில் யாரும் சாப்பிட முடியாது.

"அம்மா, ரசம் ஆறிப்போச்சு," என்பாள் ஆவுடைத்தாய். "அண்ணாச்சி அவளைத் தூக்கிட்டு வந்தா என்ன, இன்னைக்கு ஒரு நாளைக்கு?"

"பவளம் வரட்டும்," என்பார் அம்மா.

ஒரு நாள் சாரல். பவளத்துக்கு மூட்டெல்லாம் இறுகிக் கிடந்தது. பாதி வழியில் இருக்கும் இலுப்பை மரத்தடிக்கு வந்ததும் பவளம் படுத்துவிட்டது. லிங்கம் துண்டோடு குந்தினார். துண்டில் கேட்டார். பதிலே இல்லை. மேலே பார்த்தார். பாறையில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அம்மா, இவளால முடியல," என்று கத்தினார். "தூக்கிரட்டுமா?"

கொஞ்ச நேரத்தில் அம்மா இறங்கி வருவது தெரிந்தது. இடுப்பில் குழந்தையைப்போல விளக்கு. இலுப்பை மரத்தடியில், பவளத்தின் முகத்துக்கு நேரே, அதை வைத்தார். பின்னாலேயே எல்லோரும் இறங்கி வந்தார்கள். சாரலுக்கு முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரியை ஏற்றினார்.

அதற்கு முன் அந்த விளக்கு பாறையைவிட்டு இறங்கியதாக யாருக்கும் ஞாபகமில்லை. ஆவுடைத்தாய்கூட ரசத்தைப் பற்றிப் பேசவில்லை. பவளத்தின் கண்களில் சுடர் இரண்டாக நின்றது. அது வாலை ஒருமுறை தரையில் அடித்தது. லிங்கம் கையெடுத்துக் கும்பிட்டார். விளக்கையா, நாயையா, அவருக்கே தெரியாது.

மறுநாளிலிருந்து திரும்பவும் நடை.

மழைக்காலம் பிறந்தது. ஒரு நாள் பகல் முழுக்கக் கொட்டிவிட்டு, அந்தியில் வானம் வெளுத்தது. மலை கழுவி வைத்ததுபோல இருந்தது. பவளம் தானாகவே மண்டபத்து வாசலில் வந்து நின்று லிங்கத்தைப் பார்த்தது. அவர் துண்டைப் போட்டார். இருவரும் கிளம்பினார்கள்.

இலுப்பை மரம்வரை துண்டு இறுகியும் தளர்ந்தும் வந்தது. அங்கே பவளம் நின்றது. மூக்கை உயர்த்தி மேலே மோப்பம் பிடித்தது. பிறகு ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு காலாக, ஒவ்வொன்றையும் யோசித்து வைத்து. வளைவைத் தாண்டியது. உருண்டைக் கல்லைச் சுற்றியது. லிங்கம் அதன் கால்களைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தன் கால் எங்கே போகிறது என்றே அவர் பார்க்கவில்லை. தலை நிமிர்ந்தபோது பாறை வந்திருந்தது. பவளம் தன் பழைய இடத்தில், விளக்குக்குப் பக்கத்தில், உட்கார்ந்துகொண்டிருந்தது.

மலைக்குப் பின்னால் கடைசி வெளிச்சம் செம்பட்டையாக நின்றது, பவளத்தின் நிறத்தில்.

லிங்கம் கையைப் பார்த்தார்.

"அம்மா," என்றார் மெதுவாக. "மரத்துலேருந்து இங்கவரைக்கும் துண்டு இறுகவே இல்ல. சும்மா தொங்கிக்கிட்டேதான் வந்துச்சு."

"விட்டுட்டீங்களா?"

"இல்லம்மா. பிடிச்சுக்கிட்டேதான் வந்தேன். ஆனா அவளேதான் ஏறினா. நான் ஒண்ணுமே பண்ணல."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதில் விழுந்தது, அன்று அம்மாவைக் கேட்ட அதே வார்த்தை.

"கையை விரிங்க அண்ணாச்சி."

விரிக்க முடியவில்லை. விரல்கள் துண்டைச் சுற்றி இறுகிப்போயிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளங்கை சிவந்து, குறுக்கே துண்டின் இழை அச்சு அச்சாகப் பதிந்திருந்தது.

அம்மா அதைப் பார்த்தார்.

"என் கையும் அப்படித்தான் இருக்கு," என்றார். "தீப்பெட்டியை எடுங்க."