பனிக்குப் பயந்து உள்ளே வைத்த மிளகாய்ச் செடிகள்

மேல்மலையில் ஒரு சின்ன மடம். நாலு அறை, ஒரு அடுப்பங்கரை, பின்னால் கொஞ்சம் தோட்டம், அவ்வளவுதான். வடிவம்மை என்ற அம்மாள் அங்கே குருவாக இருந்தார். ஐம்பது வயது இருக்கும். சீடர் ஒரே ஒருவர், ஆவுடையப்பன். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவை அம்மா என்பார்.

சமையல் பார்த்த மாசானத்துக்கு இந்த முறை எப்போதும் வேடிக்கை.

"அண்ணாச்சி, நீங்க குருவுக்குப் பணிவிடை செய்ய வந்தீயளா, தங்கச்சிக்குப் பொங்கச்சீரு கொண்டாந்தீயளா?" என்பார்.

ஆவுடையப்பன் சிரிக்க மாட்டார். மனிதர் களைத்துப் போயிருந்தார்.

ரயில்வேயில் சக்கரம் தட்டிப் பார்க்கிற வேலை அவருக்கு. வண்டி வந்து நின்றதும் சுத்தியலோடு இறங்குவார். ஒவ்வொரு சக்கரமாகத் தட்டி, ஓசையைக் கேட்டு, விரிசல் உண்டா இல்லையா என்று சொல்வார். அவர் தட்டாமல் ஒரு வண்டியும் நகர்ந்ததில்லை. ஓய்வு பெற்ற வருடமே மனைவி போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகுதான் மகனை ஊரில் விட்டுவிட்டு மலையேறி வந்தார்.

கார்த்திகை முடிகிற சமயம். குரு மிளகாய்ப் பாத்தியில் குனிந்திருந்தார். ஆவுடையப்பன் பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மா, நான் ஊருக்குப் போயிரலாம்னு பாக்கேன்."

"என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணுமில்ல. அதுதான் சங்கதி. மூணு வருசமா விடியக்காலம் தியானத்துல உக்காருதேன். உக்காந்து உள்ள பாக்கேன். ஏதாச்சும் இருக்கா, ஏதாச்சும் இருக்கான்னு. முதல் வருசம் என்னமோ இருந்த மாதிரி இருந்திச்சு. இப்ப ஒண்ணுமில்ல. செத்துப்போச்சு போல. செத்ததுக்கு முன்னால எதுக்குக் குளிருல உக்காரணும்?"

"மகன் என்ன சொல்லுதான்?"

"மாசியில வண்டி கொண்டாந்து கூட்டிட்டுப் போறேங்கான். எனக்குத்தான் ஒரு முடிவுக்கு வர முடியல. உள்ள உயிர் இருக்குன்னா இங்கனயே இருந்திருதேன். இல்லன்னா போயிருதேன். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

குரு இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார். இரண்டு தடவை இருமினார்.

"மாசியில கேளுங்க. இப்ப கத்திய எடுத்துட்டு வாங்க. நாளைக்கோ மறுநாளோ பனி இறங்கிரும்."

மேல்மலையில் மிளகாய் வளர்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. சித்திரையில் நாற்று நட வேண்டும். ஆடிச் சாரலில் வேர் அழுகாமல் மண் அணைக்க வேண்டும். ஆவணியில் பூக்கும். ஐப்பசி மழை விட்ட பிறகுதான் காய் சிவக்கும். சிவந்து முடிப்பதற்குள் பனி வந்துவிடும். பனி என்றால் கீழ்நாட்டுப் பனி இல்லை. விடிந்து பார்த்தால் புல்லின்மேல் உப்புத் தூவினாற்போல் உறைந்து கிடக்கும். ஒரு இரவு பட்டால் செடி வெந்த கீரையாகிவிடும்.

அதனால் மடத்தில் ஒரு வழக்கம். பனிக்கு முன்னால் செடியை வெட்டி, கிளை பிரிகிற கவட்டை மட்டும் விட்டு, வேரோடு பெயர்த்து, மண்தொட்டியில் வைத்து, அடுப்பங்கரைச் சுவருக்குப் பின்னால் இருக்கும் இடைவழியில் அடுக்கிவிடுவார்கள். சுவர்ச் சூட்டில் செடி தூங்கும். மாசியில் எடுத்து மறுபடி நட்டால், முதல் வருடம் மடி நிறையக் காய்த்தது இரண்டாம் வருடம் கூடை நிறையக் காய்க்கும்.

குரு வெட்ட ஆரம்பித்தார். பச்சைக் காயும் பூவுமாகக் கிளைகள் விழுந்தன.

"அம்மா, காய் இருக்கே."

"இருக்கட்டும்."

"பூவும் இருக்கு."

"அதையும் சேத்துதான்."

ஆறு செடிகளும் ஆறு குச்சிகளாயின. மிச்சமிருந்த ஒன்றிரண்டு இலையையும் குரு கிள்ளிப் போட்டார். தொட்டிகளை இடைவழியில் வரிசையாக வைத்தார்கள்.

"இதுகளப் பாத்துக்கிடுங்க. மண்ணு நல்லாக் காஞ்ச பெறவு ஒரு சிரட்டைத் தண்ணி. வேற ஒண்ணும் செய்யாதீங்க."

"வேற ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல."

மறுநாள் பனி இறங்கியது. அதற்கடுத்த நாள் குருவுக்குக் காய்ச்சல் கண்டது. மார்கழியும் தையும் போர்வையை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை.

ஆவுடையப்பன் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டார். பார்க்கப் பார்க்க அவருக்குச் சந்தேகம் வந்தது. குச்சிகள் சாம்பல் நிறமாகிவிட்டன. அடுப்புக்கு வைத்திருந்த சுள்ளிக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"மாசானம், இதுல உயிர் இருக்கா வே?"

மாசானம் கரண்டியை வைத்துவிட்டு வந்தார். ஒரு குச்சியின் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டினார். அடியில் நெல்மணி அளவுக்குப் பச்சை தெரிந்தது.

"இந்தா பாருங்க. பச்சையா இருக்கு. உங்களவிட நல்லா இருக்கு."

அந்தப் பச்சையைப் பார்த்ததும் ஆவுடையப்பனுக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்கு இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் விடியற்காலம் தியானத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் இல்லை. எழுந்து இடைவழிக்குப் போனார். அடுத்த தொட்டியின் குச்சியைச் சுரண்டினார். பச்சை. அதற்கடுத்த நாள் அடுத்தது. ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி முதல் தொட்டி. நேற்று இருந்தது இன்றைக்கும் இருக்க வேண்டுமே. பனி அதிகமாக விழுந்த நாட்களில் காலையும் மாலையும் பார்த்தார். சுரண்டிய இடத்தில் திரும்பச் சுரண்டவில்லை. ஒழுங்கான மனிதர், பக்கத்தில் புது இடமாகப் பார்த்துச் சுரண்டினார்.

தை பாதியில் ஒரு குச்சியில் பச்சை இல்லை. பழுப்பாக இருந்தது. கொஞ்சம் தள்ளிச் சுரண்டினார். அங்கேயும் பழுப்பு. பிறகு ஒவ்வொன்றாகப் பழுப்பாயின. அவர் யாரிடமும் சொல்லவில்லை. பனி கொன்றுவிட்டது என்று நினைத்தார். எல்லாம் சாகிற இடம்தான் போலிருக்கிறது என்றும் நினைத்தார். மகனுக்குச் சொல்லி அனுப்பினார், மாசி பிறந்ததும் வரச்சொல்லி.

மாசியில் வெயில் கொஞ்சம் உறைத்தது. குரு சுவரைப் பிடித்துக்கொண்டே இடைவழிக்கு வந்தார். அன்று மதியம் மகன் வருவதாக இருந்தது. ஆவுடையப்பன் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, பின்னாலேயே வந்து நின்றார்.

"எல்லாம் போச்சு, அம்மா. பனி சுவர் தாண்டி வந்திருக்கு."

குரு முதல் தொட்டியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அடிக்குச்சியைச் சுற்றிச் சின்னச் சின்ன நகத் தழும்புகள். ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, வளையல் போட்டாற்போல் முழுச் சுற்றும் பட்டை உரிந்திருந்தது. சுற்றிலும் பட்டை போன செடி பிழைக்காது. இரண்டாவது தொட்டியும் அப்படியே. மூன்றாவதும்.

குரு தொட்டியைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, நகம் வலிக்கலையா?" என்றார்.

ஆவுடையப்பன் குச்சியைப் பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தார். அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

மாசானம் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஆக, இந்த வருசம் பூரா மிளகு ரசந்தான்," என்று சொல்லிவிட்டு ஐந்து குச்சிகளைப் பிடுங்கி அடுப்புக்குக் கொண்டு போனார். அது ஆவுடையப்பனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூலையில் கடைசித் தொட்டி மட்டும் மிஞ்சியது. அது சுவரில் இடித்துக்கொண்டு இருந்தது. முன்பக்கம் முழுக்கத் தழும்பு. குரு அதை வெளியே இழுத்துத் திருப்பினார். சுவரைப் பார்த்த பக்கத்தில் ஆவுடையப்பன் கை நுழைந்திருக்கவில்லை. அங்கே சுண்டுவிரல் அகலத்துக்குப் பட்டை மேலிருந்து கீழ்வரை முழுசாக இருந்தது.

வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "அப்பா" என்று மகன் கூப்பிட்டான்.

ஆவுடையப்பன் எழுந்தார். தொட்டிக்கு முன்னால் வந்து குனிந்தார்.

"அம்மா, மாசியில கேக்கச் சொன்னீங்க. கேக்கேன். போகவா, இருக்கவா? இதுல பச்சை இருந்தா இருந்திருதேன்."

அவர் கட்டைவிரல் அந்தச் சுண்டுவிரல் அகலப் பட்டையை நோக்கிப் போனது.

குரு தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்து மூடினார்.

கையை எடுக்காமலே மாசானத்தைக் கூப்பிட்டுக் களிமண் கேட்டார். சாணத்தோடு குழைத்துக் குச்சியைச் சுற்றிப் பூசினார். முந்தானையில் ஒரு கீற்றுக் கிழித்து அதன்மேல் சுற்றினார். வாழைநாரால் கட்டினார். கட்டி முடித்தபோது பட்டையும் தெரியவில்லை, தழும்பும் தெரியவில்லை.

மகன் மறுபடியும் கூப்பிட்டான். "வெயில் சாயறதுக்குள்ள மலை இறங்கணும்ப்பா. வாரீயளா இல்லையா?"

"என்ன செய்யட்டும், அம்மா?"

"கீழ பனி கிடையாது. கொண்டு போறதுன்னா கொண்டு போங்க. இங்கன வைக்கிறதுன்னா வைங்க. மண்ணு காஞ்சா ஒரு சிரட்டைத் தண்ணி. ரெண்டு ஊருலயும் தண்ணி இருக்கு."

"செத்த குச்சிக்கு யாராச்சும் துணி சுத்தித் தூக்கிட்டு வருவாங்களான்னு மருமக கேப்பாளே."

"கேக்கட்டும். அவளுக்குப் பொழுது போகும்."

ஆவுடையப்பன் இரண்டு கையாலும் தொட்டியைத் தூக்கினார். வாசல்வரை போனார். அங்கே நின்று திரும்பினார்.

"இந்தத் துணிய எப்ப அவுத்துப் பாக்கட்டும், அம்மா?"

"அவுத்துப் பாக்கவா நான் கட்டினேன், அண்ணாச்சி?"