உள்பக்கம் வெளியே

கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் பள்ளி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஃபேஷன் டிசைன் கண்காட்சிக்குக் கூட்டிப்போக ஆசைப்பட்டார் பகுதி நேர ஓவிய டீச்சர் செண்பகவல்லி. பள்ளித் தாளாளர் அருணகிரி முட்டுக்கட்டை போட்டார்.

"யூனிஃபார்ம் இல்லாம ஒரு பிள்ளையும் கேட்டைத் தாண்டக் கூடாது."

கண்காட்சி நடத்தும் நரேனுக்குப் போன் போட்டால், அவர் அதற்கும் ஒரு படி மேலே போனார். "யூனிஃபார்ம்ல வந்தா உள்ளே விட மாட்டேன் மேடம். இது புதுமைக்கான இடம்."

"யூனிஃபார்ம் உங்க கண்ணுக்கே தெரியாது சார்," என்றார் டீச்சர்.

கிளம்பும் நாளில் தாளாளர் வரிசையாகப் பார்த்தார். சுடிதார், மேலே ஓவர்கோட், ரெட்டை ஜடை. குறை சொல்ல ஒன்றுமில்லை. பஸ் கிளம்பியது. எப்படி உள்ளே விடுவார்கள் என்று பிள்ளைகள் வழியெல்லாம் டீச்சரைக் குடைந்தெடுத்தார்கள்.

அரங்க வாசலில் டீச்சர் சொன்னார்: "எல்லாரும் ஓவர்கோட்டைக் கழட்டி, உள்பக்கம் வெளியே தெரியற மாதிரி திருப்பிப் போட்டுக்கோங்க."

தையலும் பிசிறும் வெளியே வந்தன. பாக்கெட்டுகள் நாக்கு மாதிரி தொங்கின. ஒருத்தி கோட்டில் அம்மா வைத்த ஒட்டு, இன்னொருத்தி கோட்டில் இங்க் கறை. ஒன்றுபோல் ஒன்று இல்லை.

நரேன் ஒரு கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "தையலை மறைக்காத ஸ்டைல். யார் மேடம் டிசைனர்?"

"எங்க தாளாளர் அருணகிரி சார்," என்றார் டீச்சர், முகம் மாறாமல்.

நிறைவு விழாவுக்குத் தாளாளரையே அழைத்துவிட்டார்கள். டிசைனர் என்று மைக்கில் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. நரேன் பொன்னாடை போர்த்தினார். டிசைனரின் ஸ்டைல் கெடக் கூடாது என்று, அதையும் திருப்பித்தான் போர்த்தினார்.