பெட்டியிலிருந்த வளையம்

காரைக்காலில் ஆழ்கடல் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் வாங்கும் மேலாளர் ரங்கபாஷ்யம், உள்ளூர் பட்டறை எதையும் நம்பமாட்டார். ஆறு மாதமாக வேலையில்லாத லேத் பட்டறையின் புஷ்பமேரி விடாமல் கேட்கவே, சிங்கப்பூர் எஃகு வளையம் ஒன்றைப் பெட்டியோடு கொடுத்தார்.

“இதே மாதிரி செஞ்சு காட்டும்மா, ஆர்டர் தர்றேன்.”

பத்தாம் நாள் புஷ்பமேரி இரண்டு வளையங்களை மேசையில் வைத்தார். ஒன்று அந்தப் பெட்டியில், மற்றது பழைய செய்தித்தாளில்.

பெட்டியில் இருந்ததை ரங்கபாஷ்யம் தடவிப் பார்த்தார். “வேலைன்னா இது.” மற்றதை ஒதுக்கினார். “இது கடலுக்குள்ள ஒரு நாள் தாங்காது.”

“அதுதான் சார் சிங்கப்பூர்ல இருந்து வந்தது. நான் செஞ்சது பெட்டியில இருக்கு.”

ரங்கபாஷ்யம் இரண்டு வளையங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னையும் நம்பவேண்டாம் சார், அளந்து பாருங்க” என்று புஷ்பமேரி மேசையிலிருந்த வெர்னியர் அளவுகோலை அவர் பக்கம் நகர்த்தினார்.

வாங்கிய நாளிலிருந்து பிரிக்காத அதன் உறையை அவர் மெல்லப் பிரித்தார்.